சென்னை மெட்ரோ வாட்டர்: புதிதாக வீடு வாங்கியவர்கள் பில்லையும் கோடையையும் சமாளிக்க ஒரு வழிகாட்டி

சென்னையில் பழைய பிளாட் ஒன்றை வாங்கி, தண்ணீர் வரியை என் பெயருக்கு மாற்றி முடிப்பதற்குள் படாத பாடு பட்டுவிட்டேன். விற்றவர் பல அரையாண்டுகளாகக் கட்டாமல் விட்டிருந்த பாக்கி, பத்திரப்பதிவெல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. அதைத் தீர்த்து முடிப்பதற்குள் கோடை வந்துவிட்டது, கோடையில் லாரி புக் செய்யக் கேட்கிற முதல் விவரமே அந்த பில் எண்தான். யாராவது முன்னாலேயே வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. மீட்டர் இல்லாத வீட்டில் நீங்கள் கட்டும் பணத்துக்கும் குழாயில் வரும் தண்ணீரின் அளவுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. மழைக்காலத்தில் தினமும் வந்தாலும், கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாலும் தொகை அதேதான். அதனால் தண்ணீர் குறையப்போகிறது என்று பில் உங்களுக்கு எச்சரிக்கை தராது. பில் வேலை ஒரு பக்கம், கோடைக்கான ஏற்பாடு இன்னொரு பக்கம் என்று இரண்டையும் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. உங்கள் வீடு மெட்ரோ வாட்டர் எல்லைக்குள் இருக்கிறதா?

பின்கோடு 600 என்று தொடங்குவதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியம், அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்வது, வீடுகளுக்கு பில் போடுவது பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள்தான். குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் தாம்பரம் மாநகராட்சி, அங்கே தண்ணீர் கட்டணம் அந்த மாநகராட்சிக்குப் போகும். மேடவாக்கம் ஊராட்சி. ஆவடிக்குத் தனி மாநகராட்சி. புரோக்கர் "இதுவும் சென்னைதான் சார்" என்பார், பேச்சுக்கு அது சரி, பில்லுக்குச் சரியில்லை. சொத்துவரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

எல்லைக்குள்தான் என்றால், அடுத்து எந்தப் பகுதி என்று பாருங்கள். மாநகராட்சியின் 15 மண்டலங்களுக்கும் ஒத்ததாக 15 பகுதி அலுவலகங்கள், அவற்றின் கீழ் வார்டு அளவில் டிப்போக்கள் என்று வாரியம் பிரிந்திருக்கிறது. 13 என்றால் அடையாறு, 14 பெருங்குடி, 10 கோடம்பாக்கம், 9 தேனாம்பேட்டை. உங்கள் வேலை பெரும்பாலும் டிப்போவில் தொடங்கிப் பகுதி அலுவலகத்தில் முடியும். சிந்தாதிரிப்பேட்டை தலைமை அலுவலகத்துக்கு நேராகப் போய் நிற்காதீர்கள், போனாலும் உங்கள் பகுதி அலுவலகத்துக்குத்தான் அனுப்புவார்கள்.

2011இல் மாநகராட்சி விரிவானபோது சேர்ந்த பகுதிகளில் வீடு என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: தெருவில் குடிநீர்க் குழாய் வந்துவிட்டதா, பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா, இரண்டுமா, ஒன்றுதானா? ஓ.எம்.ஆர். பக்கமும் இன்னும் சில விரிவாக்கப் பகுதிகளிலும் தெருவுக்குத் தெரு இந்த நிலை மாறும். விற்பவரைவிட எதிர்வீட்டுக்காரரைக் கேட்பது நல்லது.

2. பத்திரத்துக்கு முன்னாலேயே பில் எண்ணை வாங்கி நிலுவையைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும், அடுக்குமாடியில் ஒவ்வொரு பிளாட்டுக்கும், தனி நுகர்வோர் எண் உண்டு, பில் எண் என்று பொதுவாகச் சொல்வது இந்த முழு எண்ணைத்தான். பகுதி எண், டிவிஷன் அல்லது டிப்போ எண், பில் எண், கடைசியில் சப் கோட் என்று நான்கு துண்டுகளாக இருக்கும். அந்த சப் கோடை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரே கட்டடத்தில் முதல் மூன்று துண்டுகளும் ஒன்றாக இருந்து கடைசித் துண்டு மட்டும் மாறுவது உண்டு, அதைச் சரியாகப் போடாவிட்டால் நீங்கள் பார்ப்பது பக்கத்து பிளாட்டின் கணக்கு.

எண் கிடைத்தவுடன் வாரியத்தின் இணையதளத்தில் போட்டு, எந்த அரையாண்டு வரை கட்டியிருக்கிறது, நிலுவை எவ்வளவு, மேல்வரி, அதாவது தாமதத்துக்காகச் சேரும் கூடுதல் தொகை, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். திரையை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் "கட்டிட்டேன், ரசீது எங்கயோ இருக்கு" என்று சொன்னால் ரசீதுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, கணக்கே சொல்லிவிடும்.

பாக்கி ஆளோடு போவதில்லை, கட்டடத்தோடு நிற்கிறது. வாங்கிய பிறகு "அது பழைய ஓனர் காலத்துப் பாக்கி" என்று சொல்வதில் பயனில்லை, தீர்த்தால்தான் பெயர் மாறும். அதனால் விற்பனை ஒப்பந்தம் போடும்போதே, பதிவு நாள் வரையிலான சொத்துவரி, தண்ணீர் வரி, கட்டணம், மேல்வரி எல்லாம் விற்பவர் பொறுப்பு என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றிதழில் இந்தப் பாக்கி தெரியாது. வங்கிக் கடனுக்கு வக்கீல் பார்த்துக் கொடுக்கும் சட்டக் கருத்திலும் பெரும்பாலும் இது வராது. வங்கி பார்த்துவிட்டது, எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

எண்ணே இல்லை என்று விற்பவர் சொன்னால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, புதுக் கட்டடம், இன்னும் மதிப்பீடு ஆகவில்லை. இன்னொன்று, மொத்தக் கட்டடத்துக்கும் பழைய மனையின் பெயரில் ஒரே எண் இருக்கிறது, பிளாட்டுகளாகப் பிரிக்கவில்லை. இரண்டாவது வகையில் பிரிக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும். அதற்கு எல்லா பிளாட்காரர்களும் சேர்ந்து வந்தால் சீக்கிரம் நடக்கும், ஒருவர் மட்டும் போனால் இழுக்கும்.

3. பில்லில் இரண்டு விஷயம் இருக்கிறது: வரி வேறு, கட்டணம் வேறு

வரி என்பது கட்டடத்தின் ஆண்டு மதிப்பை வைத்து வருவது. மாநகராட்சி சொத்துவரிக்காக நிர்ணயிக்கும் அதே ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடு, அதில் 1.5 குடிநீருக்கு, 5.5 கழிவுநீர் அகற்றலுக்கு. உதாரணத்துக்கு ஆண்டு மதிப்பு 20,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,400, அரையாண்டுக்கு 700. இந்த வரி, தண்ணீர் எவ்வளவு வந்தது என்பதைப் பார்ப்பதில்லை. உங்கள் தெருவில் வாரியத்தின் சேவை இருக்கிறது என்றால், நீங்கள் இணைப்பே எடுக்காமல் போர் தண்ணீரில் காலம் தள்ளினாலும் வரி உண்டு. இதைத் தெரியாமல் "எனக்குத்தான் கனெக்ஷனே இல்லையே" என்று கட்டாமல் விட்டு, பிறகு மொத்தமாக மேல்வரியோடு கட்டுபவர்கள் அதிகம்.

கட்டணம் என்பது சேவைக்கானது. மீட்டர் இல்லாத வீட்டுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகை, இப்போதைக்கு நூறு ரூபாயை ஒட்டி இருக்கிறது, அவ்வப்போது ஏப்ரலில் கொஞ்சம் கூடும். அடுக்குமாடியில் இது பிளாட் ஒன்றுக்கு. கீழே எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழாய்தானே வருகிறது, அசோசியேஷன் கட்டிவிடும் என்று நினைக்காதீர்கள், பிளாட் வாரியாகத்தான் கணக்கு. மீட்டர் உள்ள இடத்தில் கிலோலிட்டர் கணக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு, பயன்பாடு கூடக்கூட அடுத்த படிக்கு வீதமும் ஏறும். ஓட்டல், மருத்துவமனை, பெரிய வணிகக் கட்டடங்களுக்கு மீட்டர் உண்டு. வீட்டின் ஒரு பகுதியைக் கடைக்கோ அலுவலகத்துக்கோ வாடகைக்கு விட்டிருந்தால் பில்லில் அது எந்த வகையில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள், குடியிருப்பு அல்லாத வகைக்குக் கட்டணம் பல மடங்கு. முன்பு கடையாக இருந்து இப்போது வீடாக மாறிய இடம் என்றால், வகை மாற்ற மனு கொடுக்கும் வரை பழைய கட்டணமே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பொறி: மாநகராட்சிக்குச் சொத்துவரி கட்டியவுடன் தண்ணீர் வரியும் சேர்ந்துவிட்டது என்று எண்ணுவது. சென்னையில் இரண்டும் தனித்தனி அலுவலகம், தனி எண், தனி ரசீது. வேறு ஊரிலிருந்து வருபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். மதுரை, திருச்சி மாதிரி ஊர்களில் இரண்டையுமே மாநகராட்சிதான் வசூலிக்கும், அந்தப் பழக்கத்தில் இருந்துவிடுகிறார்கள்.

4. பெயர் மாற்றம்: எந்த வரிசையில் போக வேண்டும்

வரிசை தப்பினால் திரும்பத் திரும்ப அலைய வேண்டியதுதான். முதலில் மாநகராட்சியில் சொத்துவரிப் பெயர் மாற்றம், அதன் பிறகு மெட்ரோ வாட்டர். சொத்துவரி உங்கள் பெயரில் இல்லாமல் தண்ணீர் வரிக்குப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இ.பி. பெயர் மாற்றம் தனி, அதற்காக இதை நிறுத்தி வைக்க வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை:

பதிவான கிரயப் பத்திரத்தின் நகல், எல்லாப் பக்கமும். உங்கள் பெயரில் உள்ள சொத்துவரி ரசீது. தண்ணீர் வரி, கட்டணம் நடப்பு அரையாண்டு வரை கட்டிய ரசீது. ஆதார் அல்லது வேறு அடையாளச் சான்று. பழைய நுகர்வோர் அட்டை கிடைத்தால் நல்லது. வாரிசாக வந்த சொத்து என்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் சேரும். தானப் பத்திரம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை எதுவானாலும் பதிவான நகல் வேண்டும். பவர் வாங்கியவர் விற்ற சொத்தாக இருந்தால் அந்தப் பவர் பத்திர நகலையும் எடுத்துப் போங்கள், கேட்காவிட்டாலும் பையில் இருக்கட்டும்.

பத்திரத்தில் உள்ள கதவு எண்ணும் பில்லில் உள்ள கதவு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று முன்னதாகவே பாருங்கள். சென்னையில் பழைய எண், புது எண் என்று இரண்டு எண்கள் ஓடும் தெருக்கள் ஏராளம். பத்திரத்தில் பழைய எண் மட்டும், பில்லில் புது எண் மட்டும் என்றால் அங்கேயே மனு நின்றுவிடும். சொத்துவரி ரசீதில் இரண்டையும் போடச் செய்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும், அதனால்தான் மாநகராட்சி வேலையை முதலில் முடிக்கச் சொல்கிறேன். பெயரின் எழுத்தும் அப்படித்தான், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதுகூட ஆதார், பத்திரம், வரி ரசீது மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

பெயர் மாறியவுடன் மொபைல் எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள். தகவல் எல்லாம் பழைய ஓனரின் போனுக்கே போய்க்கொண்டிருந்தால் எந்த அறிவிப்பும் உங்களுக்குத் தெரியாது.

5. எப்போது, எப்படிக் கட்டுவது

அரையாண்டுகள் இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. தாமதமானால் மாதாமாதம் மேல்வரி ஏறும். ஒரு அரையாண்டுக்குச் சின்னத் தொகையாகத் தெரிந்தாலும், சில வருடம் விட்டால் நிலுவையோடு சேர்ந்து கணிசமாகிவிடும்.

2023 அக்டோபரிலிருந்து ரொக்கமாக வாங்குவது நின்று, டிஜிட்டல் முறைக்கு மாறிவிட்டது. இணையதளம், யு.பி.ஐ., கார்டு எதில் வேண்டுமானாலும் கட்டலாம். போனில் உள்ள பணம் கட்டும் செயலிகளிலும் வாரியத்தின் பெயர் இருக்கும். அதில் கட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எண்ணைப் போட்டதும் திரையில் யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பட்டனை அழுத்த வேண்டும். ஒரு இலக்கம் மாறினால் பணம் வேறு யாருடைய கணக்கிலோ வரவாகிவிடும், அதைத் திருப்பி உங்கள் கணக்குக்குக் கொண்டுவர எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து அலைய வேண்டும். பெயர் மாற்றம் ஆகும்வரை பழைய ஓனர் பெயர்தான் வரும், அது சரிதான்.

கட்டியதும் ரசீதை பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். செயலி காட்டும் "வெற்றி" என்ற திரை ரசீது ஆகாது.

மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டப் பார்ப்பார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் மாதத்திலேயே கட்டிவிடுவது என்று வைத்துக்கொண்டால் மேல்வரிப் பேச்சே இல்லை. முன்கூட்டிக் கட்டுவோருக்கு அந்த அரையாண்டில் ஏதாவது சலுகை அறிவித்திருக்கிறார்களா என்றும் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

6. புது இணைப்பு வேண்டுமானால் மழைக்கு முன்னால் கேளுங்கள்

இதில் பணத்தைவிட நேரம்தான் முக்கியம். இணைப்பு கொடுக்கத் தெருவைத் தோண்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் வாக்கில், ரோடு கட் செய்வதை மாநகராட்சி ஒவ்வொரு வருடமும் நிறுத்தி வைக்கும், மழை முடிந்த பிறகுதான் திறப்பார்கள். ஆகஸ்டில் மனு கொடுத்து, ஆய்வு, மதிப்பீடு, பணம் கட்டுதல் எல்லாம் முடிந்து அக்டோபரில் தோண்டலாம் என்று கணக்குப் போட்டால் ஜனவரிவரை உட்கார வேண்டியதாகிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் மனுவைப் போட்டால் தோண்டுவதற்கு முழுதாக உலர்ந்த மாதங்கள் கிடைக்கும். உங்கள் தெருவில் புதிதாகச் சாலை போடப்போகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கு முன்னால் வேலையை முடித்துவிடுங்கள், போட்ட சாலையை உடனே வெட்ட அனுமதி வாங்குவது கடினம்.

ஆவணங்கள்: பத்திர நகல், அங்கீகரித்த வரைபடமும் திட்ட அனுமதியும், சொத்துவரி ரசீது, அடையாளச் சான்று. நிறைவுச் சான்றிதழ் தேவைப்படும் அளவுக்குப் பெரிய கட்டடம் என்றால் அது இல்லாமல் நகராது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், ஆய்வுக்கு வருபவர் அதைப் பார்ப்பார். குழாய் மட்டும் இறக்கிவிட்டு அதற்கான குழியே வெட்டாமல் விட்ட கட்டடங்களும் உண்டு, பில்டரிடம் சாவி வாங்கும் முன்னாலேயே சரிபாருங்கள்.

செலவு கட்டடத்தின் அளவையும் வகையையும் பொறுத்தது. இணைப்புக் கட்டணம், ரோடு கட் தொகை, உள்ளே பிளம்பர் வேலை என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள், மொத்தமாக ஒரு தொகை சொல்பவரிடம் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய அடுக்குமாடிக்கு உள்கட்டமைப்பு வளர்ச்சிக் கட்டணம் என்று ஒன்று வரும், அதைப் பில்டர் கட்டிவிட்டாரா என்று ரசீதோடு கேட்க வேண்டும். கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர்களுக்கு 'இல்லந்தோறும் இணைப்பு' என்ற திட்டத்தில் இணைப்புக் கட்டணத்தை 5 வருடத்தில் 10 தவணையாக வரியோடு சேர்த்துக் கட்டும் வசதி கொண்டுவந்தார்கள். உங்கள் பகுதிக்கு அது பொருந்துமா என்று டிப்போவில் முதலில் கேட்டுவிட்டு மற்ற ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

7. ஜனவரியில் ஏரிக் கணக்கைப் பாருங்கள்

சரி, பில் வேலை முடிந்தது, இனி கோடை. பலர் தண்ணீர் குறைந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டிய நேரம் ஜனவரி, மழை ஓய்ந்து ஏரிகளில் எவ்வளவு நிற்கிறது என்பது முடிவாகிவிட்ட மாதம் அதுதான். அடுத்த வடகிழக்கு மழை அக்டோபரில்தான், அதுவரை ஒன்பது மாதம் ஓட்ட வேண்டும்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை ஐந்தின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி, அதாவது பன்னிரண்டு டி.எம்.சி.க்குக் (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) கொஞ்சம் குறைவு. நகரத்துக்கு மாதத்துக்குச் சுமார் ஒரு டி.எம்.சி. வேண்டும். தினசரி இருப்பை வாரியமே இணையதளத்தில் போடுகிறது. அந்த எண்ணை எடுத்து, அக்டோபருக்கு எத்தனை மாதம் இருக்கிறதோ அதோடு ஒப்பிடுங்கள். ஆவியாவதும் அடியில் எடுக்க முடியாமல் நிற்பதும் கழியும். ஆனால் கூட்டிக்கொள்ளவும் சில உண்டு: கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர், ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா தண்ணீர், கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி நிலையங்கள். கிருஷ்ணா தண்ணீர் ஒப்பந்தப்படி வருடத்துக்கு 12 டி.எம்.சி., ஆனால் அந்த அளவை நம்பி யாரும் திட்டம் போடுவதில்லை. கடல்நீர் நிலையங்கள்தான் மழையை எதிர்பார்க்காமல் தினமும் தருபவை: மீஞ்சூரில் நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர், நெம்மேலியில் 2013இல் வந்த முதல் நிலையம், அதன் பக்கத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த 150 மில்லியன் லிட்டர் நிலையம்.

இருப்பு குறையும்போது வாரியம் முதலில் செய்வது குழாய் விநியோகத்தைக் குறைப்பது. நேரம் சுருங்கும், அழுத்தம் குறையும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். லாரி நடைகள் கூடும், தெருவோரக் கறுப்புத் தொட்டிகளில் நிரப்புவதும் கூடும். 2019 கோடையில் ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோது தினசரி விநியோகம் 830 மில்லியன் லிட்டர் அளவிலிருந்து 525 வரை இறங்கியது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்தது. அந்த வருடத்து பில்லில் இதற்காக எந்தக் கழிவும் இல்லை என்பதை வைத்தே, நான் தொடக்கத்தில் சொன்னது புரியும்.

உங்கள் பகுதிக்கு எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தென்சென்னையிலும் ஓ.எம்.ஆர். பக்கமும் நெம்மேலி தண்ணீரை நம்பிய இடங்கள் அதிகம், அங்கே பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்துகிறோம் என்று அறிவிப்பு வந்தால் ஏரி நிறைந்திருந்தாலும் உங்கள் குழாயில் வராது. முதல் நாளே சம்பை, அதாவது தரைக்கடித் தொட்டியை, நிரப்பிவிட வேண்டும்.

8. சம்ப் அளவும் மோட்டார் விஷயமும்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். தனி வீட்டில் 6,000 லிட்டர் சம்ப் இருந்தால் சிக்கனமாகப் பத்துப் பதினோரு நாள் ஓடும். இருபது பிளாட் உள்ள கட்டடத்துக்கு ஒரு நாளைக்கே 10,800 லிட்டர் வேண்டும், 9,000 லிட்டர் லாரி ஒன்று ஒரு நாளைக்குக்கூட வராது. பிளாட் பார்க்கப் போகும்போது நீச்சல் குளம், ஜிம் எல்லாம் காட்டுவார்கள், நீங்கள் சம்ப் எத்தனை லிட்டர், மெட்ரோ தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனிச் சம்பா என்று கேளுங்கள். ஒரே சம்பில் இரண்டையும் கலக்கும் கட்டடத்தில் மெட்ரோ தண்ணீர் எவ்வளவு நன்றாக வந்தாலும் குடிக்க ஆகாது.

தெருக் குழாயிலிருந்து வரும் லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சக் கூடாது. இது சட்டப்படி தப்பு, மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பையும் துண்டிப்பார்கள். அதைவிட, அழுத்தம் குறைந்த லைனில் உறிஞ்சும்போது எங்காவது விரிசல் இருந்தால் அக்கம்பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படும், அது உங்கள் சம்புக்கு மட்டுமல்ல, தெரு முழுவதற்கும் போகும். லைன் தண்ணீர் தானாகச் சம்பில் விழ வேண்டும், மோட்டார் சம்பிலிருந்து மேல்தொட்டிக்குத்தான். பழைய வீடுகளில் மெட்ரோ லைனில் அடிபம்பு இருக்கும், அதைப் பிடுங்கிவிடாதீர்கள், அழுத்தம் இல்லாத நாளில் குடத்துக்கு உதவும்.

மார்ச்சுக்குள் சம்பைக் கழுவி, பால் வால்வு (தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு) சரியாக மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அது ஓட்டையாக இருந்தால் நள்ளிரவில் வரும் தண்ணீர் நிரம்பி வழிந்து தெருவில் ஓடும், காலையில் யாருக்கும் பயன்படாது.

9. லாரி புக் செய்வது

வாரியத்தின் லாரி வேண்டுமானால் இணையத்தில் பதிவுசெய்து, முன்னதாகவே பணம் கட்ட வேண்டும். பதிவுக்கு நுகர்வோர் எண், மொபைல் எண், முகவரி போதும். இந்தப் பதிவைக் கோடைக்கு முன்னால் செய்து வையுங்கள், ஏப்ரலில் அவசரத்தில் செய்யும்போதுதான் எண் பொருந்தவில்லை, நிலுவை இருக்கிறது என்பதெல்லாம் தலைதூக்கும். வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் 6,000, 9,000 லிட்டர் லாரிகள். 6,000 லிட்டருக்கு ஐந்நூறு ரூபாயை ஒட்டி வரும், வணிக உபயோகத்துக்கு வீதம் வேறு. தனியார் லாரி இதைப்போல் சில மடங்கு, தட்டுப்பாடு வந்துவிட்டால் விலைக்கு வரம்பே இருக்காது.

உங்கள் தெருவில் லாரி திரும்ப முடியுமா, சம்ப் மூடிவரை ஹோஸ் எட்டுமா என்று அளந்து பாருங்கள். 6,000 லிட்டர் சம்பில் பாதி தண்ணீர் இருக்கும்போது 6,000 லிட்டர் லாரியை வரவழைத்தால் மீதியை எங்கே கொட்டுவது? சம்ப் காலியாகும் நாளைக் கணக்குப் போட்டு, அதற்குச் சில நாள் முன்னால் புக் செய்யுங்கள். சாதாரண நாளில் ஓரிரு நாளில் வந்துவிடும். 2019இல் வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அடுத்தடுத்து புக் செய்யவும் இடைவெளி விட வேண்டியிருக்கும், அதனால் பெரிய கட்டடங்கள் ஒரே லாரியை நம்பாமல் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

தனியார் லாரியில் எடுப்பவர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, முதல் முறை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர் பரிசோதனை உண்டு.

10. புகார் சொல்லும் முறை

தண்ணீர் வரவில்லை, கலங்கல், நாற்றம், சாக்கடை அடைப்பு எதுவானாலும் 044-4567 4567 அல்லது 1916. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், டிப்போவுக்கு நேரில் போய்ச் சொன்னாலும் அந்த எண் இல்லாமல் அடுத்த நாள் எதையும் தொடர முடியாது. நாற்றம் வந்தால் அந்தத் தண்ணீரைச் சம்பில் விடாமல் வால்வை மூடிவிட்டு, பக்கத்து வீடுகளிலும் அப்படியா என்று கேளுங்கள். மூன்று நான்கு வீடுகளிலிருந்து தனித்தனியாகப் புகார் போனால், பிரச்சினை உங்கள் வீட்டுக் குழாயிலா தெரு மெயினிலா என்று அவர்களுக்கும் சீக்கிரம் பிடிபடும்.

பில் சம்பந்தமான சிக்கல், அதாவது வேறு கணக்கில் போன பணம், வகை மாற்றம், பழைய நிலுவைத் தகராறு ஆகியவற்றை போனில் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை 15 பகுதி அலுவலகங்களிலும் குறைகேட்புக் கூட்டம் நடக்கும். எழுதிய மனு, ரசீது நகல்கள், இதற்குமுன் கொடுத்த புகார் எண்கள் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து மணிக்கே போய்விட்டால் கூட்டம் சேர்வதற்கு முன்னால் உட்கார்ந்து பேசலாம்.